அல்ஜீரிய விடுதலைப் போர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் நவம்பர் 1 விடுதலை நாள்; அரசு விடுமுறை. அதே நவம்பர் 1 அல்ஜீரியாவில் புரட்சி நாள். ஆண்டும் ஒன்றுதான், 1954. எதிரில் இருந்த அரசும் ஒன்றுதான், பிரான்ஸ். இங்கே நிர்வாகம் கைமாறிய அன்றைக்கே அங்கே துப்பாக்கி வெடித்தது. இதைச் சொல்லப்போனால் உடனே கேள்விகள் கிளம்பும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அல்ஜீரியா பிரான்ஸின் காலனியா, இல்லை பிரான்ஸின் ஒரு பகுதியா?

சட்டப்படி பிரான்ஸின் பகுதி. 1848-இலேயே அல்ஜியர்ஸ், ஓரான், கான்ஸ்டன்டைன் என்று மூன்று மாவட்டங்களாகப் பிரித்து, பாரிஸைப் போல இதுவும் பிரான்ஸ்தான் என்று அறிவித்துவிட்டார்கள். வியட்நாமையோ துனிசியாவையோ விட்டுக்கொடுப்பது வேறு, அல்ஜீரியாவைக் கொடுப்பது வேறு என்று பிரெஞ்சுக்காரர்கள் நினைத்ததற்கு இதுதான் மூலம். 1954-இல் உள்துறை அமைச்சராக இருந்த மித்தரான், போர் தொடங்கிய சில நாட்களில் ‘அல்ஜீரியா என்றால் பிரான்ஸ்’ என்றுதான் பேசினார்.

நடைமுறையில் பார்த்தால் காலனிதான். மண் பிரான்ஸுடையது, அந்த மண்ணில் பிறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் மட்டும் முழு உரிமையுள்ள பிரெஞ்சுக் குடிமக்கள் இல்லை. இந்த ஒரு முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை தானாக வரும்.

தூதரை விசிறியால் அடித்ததுக்காகவா ஒரு நாட்டைப் பிடித்தார்கள்?

அடி விழுந்தது உண்மை. 1790-களில் அல்ஜியர்ஸ் வணிகர்கள் பிரெஞ்சுப் படைகளுக்குக் கோதுமை கொடுத்திருந்தார்கள். அந்தப் பாக்கி முப்பது வருடமாகத் தீரவில்லை. 1827 ஏப்ரலில் அல்ஜியர்ஸின் ஆட்சியாளர் ஹுசைன் டே (‘டே’ என்பது பதவியின் பெயர்), பணம் என்ன ஆயிற்று என்று பிரெஞ்சுத் தூதரைக் கேட்டார். தூதர் எடுத்தெறிந்து பேச, டே கையில் இருந்த ஈயோட்டும் விசிறியால் ஒன்று வைத்தார்.

அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் படை வந்தது. பாரிஸில் பத்தாம் சார்லஸ் மன்னரின் செல்வாக்கு சரிந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு வெற்றி கிடைத்தால் உள்ளே நிமிரலாம் என்று கணக்குப் போட்டார்கள். 1830 ஜூன் 14 அன்று கரையிறங்கி, ஜூலை 5 அன்று அல்ஜியர்ஸைப் பிடித்தார்கள். கணக்குப் போட்ட மன்னருக்கு ஜூலை முடிவதற்குள் புரட்சி வந்தது, ஆட்சியே போயிற்று! பிடித்த ஊர் மட்டும் 132 வருடம் கையில் இருந்தது.

அப்போதே யாரும் எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள். அமீர் அப்துல் காதர் பதினைந்து வருடம் போராடி 1847 இறுதியில் சரணடைந்தார். 1871-இல் கபிலியா மலைப் பகுதியில் மொக்ரானி தலைமையில் பெரிய கிளர்ச்சி நடந்தது. அதை அடக்கியபின் நிலங்களைப் பறித்து, பிடிபட்டவர்களில் பலரைப் பசிபிக் கடலில் இருக்கும் நியூ கலிடோனியா தீவுக்கு நாடு கடத்தினார்கள்.

சரி, மக்களுக்கு உண்மையான குறை என்ன?

முதலில் நிலம். நல்ல சமவெளி நிலமெல்லாம் ஐரோப்பியக் குடியேறிகள் கைக்குப் போனது. அவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் மட்டுமல்ல, ஸ்பானியர்கள், இத்தாலியர்கள், மால்ட்டாக்காரர்களும் இருந்தார்கள். அந்த நிலத்தில் என்ன பயிரிட்டார்கள் என்று பாருங்கள். பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி அழித்த காலத்தில் அல்ஜீரியாவில் கொடி நட ஆரம்பித்து, 1930-களில் சுமார் 4 லட்சம் ஹெக்டேர் வரை கொண்டுபோனார்கள். உலகத்திலேயே அதிகமாக ஒயின் ஏற்றுமதி செய்யும் இடமாக அல்ஜீரியா ஆனது. மது அருந்தாத மக்களின் கோதுமை வயலில், அவர்களையே கூலிக்கு வைத்து, அவர்கள் தொடாத ஒரு பானம்.

அடுத்தது சட்டம். 1881 முதல் முஸ்லிம்களுக்கென்றே தனித் தண்டனை விதிகள் இருந்தன. அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போவது, அதிகாரிக்கு மரியாதை காட்டாதது, இதெல்லாம் குற்றம். கோர்ட் வேண்டியதில்லை, அதிகாரியே தண்டிக்கலாம். பள்ளிக்கூடம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: நூற்றிருபது வருட ‘நாகரிகப்படுத்தலுக்கு’ப் பிறகும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாது.

முஸ்லிம்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைக் கேட்டு வாங்கியிருக்கலாமே?

1865 முதல் அதற்கு வழி இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: திருமணம், சொத்துரிமை முதலியவற்றில் இஸ்லாமியச் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க வேண்டும். ஊரில் அதற்கு மதம் மாறியவன் என்றுதான் பெயர். சில ஆயிரம் பேர் மட்டுமே போனார்கள். 1870-இல் அல்ஜீரிய யூதர்களுக்கு ஒரே ஆணையில் மொத்தமாகக் குடியுரிமை கொடுத்தது இந்தக் காயத்தை இன்னும் ஆழமாக்கியது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. இங்கும் 1881 முதல் சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போனவர்கள் உண்டு. ‘ரெனோன்சான்’ என்று அவர்களுக்குப் பெயர். ஆனால் இங்கே துறக்காதவர்களுக்கும் வாக்குரிமை இருந்தது. அல்ஜீரியாவில் அது இல்லாததுதான் பிரச்சினையே.

அகிம்சை வழியில், மனுக் கொடுத்து யாரும் முயன்று பார்க்கவில்லையா?

இந்தக் கேள்விக்கு ஃபெர்ஹாத் அப்பாஸ் என்ற ஒரு மனிதரே பதில். செத்திஃப் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். பிரெஞ்சுப் படிப்பு, பிரெஞ்சுப் பேச்சு, வீட்டில் பிரெஞ்சு மனைவி. 1936-இல் அவர் எழுதியதன் சாரம் இது: அல்ஜீரிய தேசம் என்ற ஒன்றை வரலாற்றில் தேடினேன், இருப்பவர்களைக் கேட்டேன், இறந்தவர்களின் கல்லறைகளுக்கும் போனேன், எங்கும் கிடைக்கவில்லை. அவர் கேட்டது சுதந்திரம் இல்லை, சம உரிமை.

அதே 1936-இல் பாரிஸில் இருந்த இடதுசாரி அரசு, தகுதி பார்த்து இருபதாயிரத்துச் சொச்சம் முஸ்லிம்களுக்கு மட்டும் முழு வாக்குரிமை கொடுக்க ஒரு மசோதா கொண்டுவந்தது. கவனியுங்கள், பல லட்சம் பேரில் இருபதாயிரம் சொச்சம்! குடியேறிகளின் மேயர்கள் கூட்டாக ராஜினாமா செய்வோம் என்று மிரட்ட, மசோதா நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கே வரவில்லை.

1947-இல் ஒரு சட்டமன்றம் கொடுத்தார்கள். குடியேறிகளுக்கும் தகுதி பெற்ற கொஞ்சம் முஸ்லிம்களுக்கும் சேர்த்து 60 இடம்; முக்கால் கோடிப் பேருக்கு மிச்ச 60. சரி, அதாவது ஒழுங்காக நடந்ததா என்றால், 1948 தேர்தலில் வாக்குப்பெட்டியை நிரப்பியவர்கள் அதிகாரிகளே. அல்ஜீரியாவில் ‘தேர்தல்’ என்றாலே கிண்டல் வார்த்தை ஆகிவிட்டது.

1956-இல் அதே ஃபெர்ஹாத் அப்பாஸ் கெய்ரோவுக்குப் போய், ஆயுதம் ஏந்திய தேசிய விடுதலை முன்னணியில் சேர்ந்துவிட்டதாக அறிவித்தார். 1958-இல் அதன் தற்காலிக அரசுக்கு முதல் தலைவரும் ஆனார். தீவிரவாதிகள் எங்கிருந்து வந்தார்கள் என்று பிரெஞ்சுக்காரர்கள் கேட்டபோதெல்லாம் எனக்கு இந்த மருந்துக்கடைக்காரர்தான் நினைவுக்கு வருவார்.

1945 மே 8 அன்று என்ன நடந்தது?

ஹிட்லரின் ஜெர்மனி சரணடைந்த நாள். செத்திஃபில் வெற்றி ஊர்வலம். அல்ஜீரியர்களும் அதே போரில் பிரான்ஸுக்காகச் செத்தவர்கள்தான், அவர்களும் ஊர்வலம் போனார்கள். பச்சையும் வெள்ளையுமான அல்ஜீரியக் கொடி ஒன்றை சாரணர் படை இளைஞர் ஒருவர் தூக்கிப் பிடித்திருந்தார். போலீஸ் அதைக் கீழே போடச் சொல்ல, அவர் போடவில்லை. சுட்டார்கள். கூட்டம் ஐரோப்பியர்கள்மேல் திரும்பியது. அடுத்த சில நாட்களில் சுற்று வட்டாரத்தில் சுமார் நூறு ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டார்கள்.

பதிலடி வாரக்கணக்கில் போயிற்று. விமானம் குண்டு போட்டது, கடலில் இருந்து போர்க்கப்பல் சுட்டது, கெல்மாவில் குடியேறிகளே ஆயுதக் குழு அமைத்து ஆள் பிடித்துக் கொன்றார்கள். பிரெஞ்சு அதிகாரக் கணக்கு ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. அல்ஜீரிய அரசின் கணக்கு 45,000. ஆய்வாளர்கள் இடையில் பல ஆயிரங்கள் என்கிறார்கள். ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்: 1954-இல் துப்பாக்கி எடுத்த தலைமுறை அன்றைக்கு முடிவெடுத்துவிட்டது.

நவம்பர் 1-ஐத் தொடங்கியவர்கள் யார்?

ஒரு புகைப்படம் இருக்கிறது. 1954 அக்டோபர் கடைசியில் அல்ஜியர்ஸின் பாப் எல் ஊத் பகுதியில் ஆறு பேர் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டது. பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள்: ராபா பிதாத், முஸ்தஃபா பென் பூலைத், திதூஷ் முராத், முகமது பூதியாஃப். முன்னால் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள்: கிரீம் பெல்காசெம், லார்பி பென் மஹிதி. எல்லோரும் கோட் போட்டு, தலை வாரி, ஏதோ கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இருப்பார்கள். எல்லோரும் நாற்பதுக்குள்தான். பின்னால் நாட்டின் முதல் அதிபரான பென் பெல்லா உள்ளிட்ட மூவர் கெய்ரோவில் இருந்தார்கள்.

விடுதலை இயக்கத்தின் பழைய தலைவர் மெசாலி ஹாஜின் கட்சி உட்பூசலில் கிடந்தது. அவருக்காகக் காத்திருக்காமல் இவர்களே தேசிய விடுதலை முன்னணியைத் தொடங்கினார்கள். அந்த வருடம் மே 7 அன்று வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்திருந்தது. அங்கே பிரான்ஸுக்காகச் சண்டையிட்டவர்களில் அல்ஜீரியச் சிப்பாய்களும் இருந்தார்கள். பிரான்ஸைத் தோற்கடிக்க முடியும் என்பதை நேரிலேயே பார்த்துவிட்டார்கள்.

முதல் இரவில் சுமார் 70 இடங்களில் தாக்குதல். பழைய வேட்டைத் துப்பாக்கிகளும் வீட்டில் செய்த குண்டுகளும்தான். பல இடங்களில் சொதப்பல். பாரிஸ் பத்திரிகைகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதுச்சேரியைக் கொடுத்துவிட்டு அல்ஜீரியாவை மட்டும் ஏன் கொடுக்கவில்லை?

புதுச்சேரியில் பத்து லட்சம் பிரெஞ்சுக் குடியேறிகள் இல்லை. பெட்ரோலும் இல்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேர ஆதரவு தெரிவிக்க, நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது.

ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல் இருந்தது, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28 அன்றே கையெழுத்தாகிவிட்டது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்கவே இல்லை. ஒரு துண்டு மண்ணைச் சட்டப்படி கொடுத்தால் அல்ஜீரியாவுக்கு அதுவே முன்னுதாரணம் ஆகும் என்ற பயம். அல்ஜீரியா விடுதலையான அதே 1962 ஜூலையில்தான் ஒப்புதல் வந்தது; ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. இங்கே நமக்கு இரண்டு விடுதலை நாட்கள் இருப்பதற்கு அல்ஜீரியப் போர் ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த புதுச்சேரி ‘சொல்தா’க்களில் சிலர் அந்தப் போரில் பிரான்ஸ் பக்கம் நின்றவர்கள்.

முன்னணி பொதுமக்களைக் கொன்றதே, அதையும் விடுதலைப் போர் என்பீர்களா?

கொன்றது. மறைக்கத் தேவையில்லை. 1955 ஆகஸ்ட் 20 அன்று பிலிப்வில் வட்டாரத்தில் ஐரோப்பியக் குடும்பங்களைக் குழந்தைகளோடு வெட்டினார்கள். பதிலுக்கு ராணுவம் கொன்றது ராணுவத்தின் கணக்கிலேயே ஆயிரத்துக்கு மேல். 1957-இல் மெலூஸா அருகே, மெசாலி ஹாஜ் ஆட்களை ஆதரித்ததற்காகச் சுமார் 300 முஸ்லிம் கிராமத்தாரை முன்னணியே கொன்றது. பிரான்ஸ் மண்ணிலும் இரு அல்ஜீரிய அமைப்புகளும் ஓட்டல்களிலும் தெருவிலும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

அல்ஜியர்ஸ் நகரத்துக் கணக்கு வேறு மாதிரி ஏறியது. 1956 ஜூனில் கைதிகளைக் கில்லட்டினில் போட ஆரம்பித்தார்கள். அப்போது நீதி அமைச்சர் அதே மித்தரான். பிற்பாடு 1981-இல் அதிபரானதும் மரண தண்டனையை ஒழித்தவரும் அவர்தான். ஆகஸ்டில் குடியேறித் தீவிரவாதிகள் பழைய நகரமான கஸ்பாவில் வீடுகளுக்கு நடுவே குண்டு வைத்துப் பலரைக் கொன்றார்கள். செப்டம்பர் 30 அன்று மூன்று அல்ஜீரியப் பெண்கள், ஐரோப்பியர் மாதிரி உடுத்திக்கொண்டு, பைகளில் குண்டோடு சோதனைச் சாவடியைத் தாண்டினார்கள். மில்க் பார் என்ற ஐஸ்கிரீம் கடையில் குண்டு வைத்தவர் ஸொஹ்ரா திரீஃப், சட்டக் கல்லூரி மாணவி. அங்கே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள்.

யார் முதலில் தொடங்கினார்கள் என்று தேடிப் போனால் 1830-இல் போய் நிற்க வேண்டியிருக்கும். அது அந்தக் கடையில் கால் இழந்த குழந்தைக்குப் பதில் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும்.

போர்க்களத்தில் பிரான்ஸ்தானே ஜெயித்தது?

ஒரு வகையில் ஆமாம். 1957-இல் ஜெனரல் மாஸுவின் பாரசூட் படை அல்ஜியர்ஸில் முன்னணியின் வலைப்பின்னலை உடைத்தது. எல்லை நெடுக மின்சார வேலியும் கண்ணிவெடியும் போட்டு, துனிசியாவிலும் மொராக்கோவிலும் இருந்த முன்னணியின் படை உள்ளே வர முடியாமல் செய்தார்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்து மக்களைப் பெயர்த்து முகாம்களில் அடைத்தார்கள். நாலு லட்சத்துக்கும் மேல் துருப்பு.

உடைத்தது எப்படி? மின்சாரம், தண்ணீர் வைத்துச் சித்திரவதை, ‘காணாமல் போதல்’. அந்தப் படத்தில் உட்கார்ந்திருந்த பென் மஹிதியைப் பிடித்துக் கொன்றுவிட்டுத் தற்கொலை என்றார்கள். மோரிஸ் ஓதான் என்ற கணித ஆசிரியரை, அவர் ஐரோப்பிய வம்சத்தவர், கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. விஷயம் வெளியே வரவர பிரான்ஸுக்குள்ளேயே மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது. இதற்கிடையில் முன்னணி தன் வழக்கை ஐ.நா. சபைக்குக் கொண்டுபோனது. 1958 ஏப்ரலில் பிரெஞ்சு கிளப்புகளில் ஆடிய அல்ஜீரியக் கால்பந்து வீரர்கள் ரகசியமாக ஓடிப்போய் முன்னணிக்கென்று ஒரு அணி அமைத்தார்கள். அவர்களில் ரஷீத் மெக்லூஃபி அந்த வருடம் உலகக் கோப்பையில் பிரான்ஸுக்கு ஆடியிருக்க வேண்டியவர். நூறு ராணுவ வெற்றி செய்யாததை அந்த ஒரு செய்தி செய்திருக்கும்.

டி கோல் குடியேறிகளை ஏமாற்றினாரா?

அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். 1958 மே 13 அன்று அல்ஜியர்ஸில் அவர்கள் செய்த கலவரத்தால்தான் டி கோல் ஆட்சிக்கே வந்தார். ஜூன் 4 அன்று அதே ஊரில் பால்கனியில் நின்று ‘உங்களைப் புரிந்துகொண்டேன்’ என்றார். என்ன புரிந்தது என்று சொல்லவில்லை. அடுத்த வருடமே சுயநிர்ணயம் பற்றிப் பேசினார். 1961 ஏப்ரலில் நான்கு தளபதிகள் அவருக்கு எதிராகக் கிளம்பினார்கள். டி கோல் வானொலியில் பேச, முகாம்களில் இருந்த கட்டாயப் பணிச் சிப்பாய்கள் டிரான்சிஸ்டரில் கேட்டுவிட்டு அதிகாரிகளுக்குக் கீழ்ப்படிய மறுத்தார்கள். நாலே நாளில் கிளர்ச்சி படுத்துவிட்டது.

எத்தனை பேர் செத்தார்கள்?

அல்ஜீரிய அரசு 15 லட்சம் தியாகிகள் என்கிறது. வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடுகள் பெரும்பாலும் இரண்டரை லட்சத்திலிருந்து நான்கு லட்சம். பிரெஞ்சுத் தரப்பில் சுமார் 25,000 சிப்பாய்கள். இதற்கு ‘போர்’ என்று பெயர் வைக்கவே பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு 1999 வரை ஆனது. அதுவரை ‘நடவடிக்கைகள்’!

1962-க்குப் பிறகு குடியேறிகள் என்ன ஆனார்கள்?

மார்ச் 18 அன்று பிரான்ஸின் எவியான் ஊரில் இரு தரப்புக்கும் ஒப்பந்தம், மறுநாள் போர்நிறுத்தம். ஒப்பந்தப்படி அவர்கள் அங்கேயே இருக்கலாம். ஆனால் ஓ.ஏ.எஸ். என்ற அவர்களுடைய ரகசியப் படை கடைசி மாதங்களில் கண்ணில் பட்ட முஸ்லிம்களைச் சுட்டது, பல்கலைக்கழக நூலகத்தைக் கொளுத்தியது. அதன்பின் சேர்ந்து வாழ்வதற்கு என்ன இருக்கிறது? ஜூலை 5 அன்று ஓரானில் ஐரோப்பியர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அந்த ஒரு வருடத்தில் சுமார் 8 லட்சம் பேர், ஆளுக்கு இரண்டு பெட்டியோடு, பிரான்ஸில் போய் இறங்கினார்கள்; பலர் மார்செய் துறைமுகத்தில்.

அவர்களைவிட மோசமானது ஹார்க்கிகளின் நிலை. பிரெஞ்சு ராணுவத்துக்கு உதவிய முஸ்லிம்கள் இவர்கள். பலர் கொள்கைக்காக இல்லை, சம்பளத்துக்காகச் சேர்ந்தவர்கள். பிரான்ஸ் ஆயுதத்தை வாங்கிக்கொண்டு பெரும்பாலோரை விட்டுவிட்டுப் போனது. ஆயிரமாயிரமாகக் கொல்லப்பட்டார்கள். தப்பி பிரான்ஸ் போனவர்களை ரிவெசால்ட் போன்ற முள்வேலி முகாம்களில் வைத்தார்கள். 2021-இல் அதிபர் மக்ரோன் இவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். மொத்தக் காலனி ஆட்சிக்கான மன்னிப்பு இன்னும் வரவில்லை.

விடுதலைக்குப் பின் ஏன் ராணுவ ஆட்சி?

போர் முடிந்த சில வாரங்களிலேயே முன்னணிக்குள் சண்டை. வேலிக்கு வெளியே துனிசியாவிலும் மொராக்கோவிலும் காத்திருந்த படைதான் முழுசாக, ஆயுதத்தோடு இருந்தது. உள்ளே மலையில் சண்டை போட்டவர்கள் பாதி அழிந்திருந்தார்கள். அந்த எல்லைப் படையின் தளபதி பூமெதியன், பென் பெல்லாவை முன்னால் நிறுத்தி அல்ஜியர்ஸுக்குள் வந்தார். ‘ஏழு வருடம் போதும்!’ என்று மக்கள் தெருவில் இறங்கி இரு படைகளுக்கும் நடுவே நின்றார்கள். 1965 ஜூன் 19 அன்று பூமெதியன் பென் பெல்லாவையும் கவிழ்த்துத் தானே உட்கார்ந்தார். மருந்துக்கடைக்காரர் அப்பாஸ் அதற்கு முன்பே ராஜினாமா செய்து, சிறைக்கும் போயிருந்தார்.

1971-இல் எண்ணெய், எரிவாயுவை நாட்டுடைமை ஆக்கினார்கள். பள்ளிகள், தொழிற்சாலைகள் வந்தன. ஒயினை வாங்குவதை பிரான்ஸ் குறைக்க, திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிக் கோதுமை விதைத்தார்கள். 1986-இல் எண்ணெய் விலை விழுந்தது. 1988 அக்டோபரில் இளைஞர்கள் கலவரத்தில் இறங்க, விடுதலைப் போரின் பெயரில் ஆண்ட ராணுவம் அவர்களைச் சுட்டது. 1991 தேர்தலின் முதல் சுற்றில் இஸ்லாமியக் கட்சி முன்னிலை பெற, ராணுவம் தேர்தலையே நிறுத்தியது. அடுத்த பத்து வருட உள்நாட்டுப் போரில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் பலி என்பது பொதுவான மதிப்பீடு. 1948-இல் வாக்குப்பெட்டியில் நடந்ததை வைத்துத் துப்பாக்கி எடுத்தவர்களின் வாரிசுகள் வாக்குப்பெட்டியைத் தூக்கி எறிந்தார்கள்.

அந்தப் புகைப்படத்தில் இருந்த ஆறு பேரும்?

திதூஷ் முராத் 1955 ஜனவரியில் சண்டையில் விழுந்தார். பென் பூலைத் 1956 மார்ச்சில், குண்டு வைத்த வயர்லெஸ் பெட்டி வெடித்து இறந்தார். பென் மஹிதி கதை மேலே சொன்னதுதான்; அவரைக் கொன்றது தங்கள் ராணுவம்தான் என்று 2024 நவம்பர் 1 அன்று பிரான்ஸ் ஒப்புக்கொண்டது. எவியானில் அல்ஜீரியா சார்பில் கையெழுத்திட்ட கிரீம் பெல்காசெம், 1970-இல் ஜெர்மனியில் ஓட்டல் அறையில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார். பூதியாஃப் மொராக்கோவில் செங்கல் சூளை நடத்திக்கொண்டிருந்தார். 1992 ஜனவரியில் கூப்பிட்டு நாட்டின் தலைவர் ஆக்கினார்கள், ஜூன் 29 அன்று மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதுகாப்புப் படைக்காரர் ஒருவர் பின்னாலிருந்து சுட்டுவிட்டார்.

ராபா பிதாத் மட்டும் 2000 வரை இருந்து நோயில் இறந்தார். அவருடைய மனைவி, மில்க் பாரில் பையை வைத்துவிட்டு வந்த அதே ஸொஹ்ரா திரீஃப்.